கேட்டுத் திறந்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவேன். குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவேன். திரும்பி வந்தால் சொல்ல நினைத்தது கலைந்து போயிருக்கும். குக்கர் ஒரு சாக்குதான். இதில் என் மகளின் வாழ்க்கை இருக்கிறது. அவள் சரி என்று சொல்லாமல் நான் எப்படி எழுதுவது? இந்தப் பொங்கலுக்கு வந்தவள், நான் கேட்காமலே, "போன்கார அக்காவப் பத்தி எழுதணும்னு சொல்லிக்கினே இருந்தியேம்மா, எழுது. எம்பேர மட்டும் போடாத" என்றாள். முருகனை நினைத்துக்கொண்டு தொடங்கிவிட்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. வாக்கியத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் குறை இருக்காது.

அந்தப் பெண்ணின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தெரிந்தால் கேட்டிருப்பேன். அவளோடு பழகிய யாருக்கும் அவளைக் கேட்காமல் அவள் பெயரை எடுக்க மனசு வராது.

அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வெளிச்சம்தான் வரும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குள் திரும்புகிற சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் முன்பக்கத்தில் பாதியை வாடகைக்கு வாங்கி ஒரு கண்ணாடி மேஜை போட்டிருந்தாள். மேஜை விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள் இரண்டு கைகள். வெளியே இரும்பு ஆலைகளின் புகை வெயிலோடு கலந்து, மத்தியானமே சாயங்காலம் போல மங்கிக் கிடக்கும். கம்பெனி பஸ்கள் அந்த மங்கலுக்குள்ளிருந்து மிதந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பவும் மங்கலுக்குள் போய்விடும். அதற்கு நடுவில் அந்த வெள்ளை வட்டம் மட்டும் அசையாமல் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூலஸ்தானத்து விளக்கு மாதிரி தெரியும். இப்படிச் சொல்வது அபசாரமாக இருந்தால் சுவாமி மன்னிக்கட்டும், எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

உடைந்த போன், தண்ணீரில் விழுந்த போன், ஆலைச் சூட்டில் பேட்டரி ஊதிப்போன போன், எல்லாம் அவளிடம் வரும். முப்பதைத் தாண்டிய வயசு இருக்கும். வாரிய தலை கலையாது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். கல்யாணம் ஆனதா, வீட்டில் யார் யார் என்று நான் கேட்டதில்லை. அவளிடம் அதையெல்லாம் கேட்க வராது. ஏனென்றால் அவள் யாரிடமும் எதையும் அனுமதி வாங்காமல் கேட்க மாட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான். எதைத் திறப்பதற்கு முன்னாலும் கேட்பாள். போனை வாங்கினதும் கையைத் துடைத்துக்கொண்டு, "தொறக்கட்டுமா?" என்பாள். பின்மூடியைக் கழற்ற ஒரு தடவை, உள்ளே செட்டிங்ஸுக்குப் போக ஒரு தடவை, படங்கள் இருக்கிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அதற்கு ஒரு தடவை. வேலை முடிந்த பிறகு, தான் எதையெல்லாம் திறந்தாளோ அதையெல்லாம் போனைக் கொடுத்தவர் கண் முன்னாலேயே மூடிக் கொடுப்பாள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், காய்கறி வண்டி வைத்திருந்தவர், ஒருநாள் பொறுமை இழந்து, "தொறக்கறதுக்குத்தானம்மா உங்கிட்ட குடுத்தேன், பூஜைக்கா குடுத்தேன்?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "சரி, தொறக்கட்டுமா?" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "தொறந்து தொலம்மா" என்ற பிறகுதான் திருப்புளி நகர்ந்தது.

பூட்டு எண்ணை யாரும் வாயால் சொல்ல விடமாட்டாள். மற்ற கடைகளில் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி போனின் முதுகில் ஒட்டிவிடுவார்கள், எல்லாருக்கும் அதுவே பழக்கம். இவளிடம் வந்து எண்ணைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாள். "நீங்களே போடுங்க" என்று போனை நீட்டிவிட்டு சாலைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவன், "இந்தக்காகிட்ட குடுத்தா போனை விட நம்மளத்தான் ரொம்ப வேல வாங்குது" என்று கிண்டல் செய்வான். ஆனால் ரிப்பேருக்கு அவளிடம்தான் வருவான்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக் கதவு பகலில் மூடியதே இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று தெருவே உள்ளே வந்து போகும். அவள் மட்டும் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் தூக்குப் பாத்திரத்தோடு, "வரலாமா?" என்று நிற்பாள். நான் அடுப்படியில் இருந்தால் காதில் விழாது. விழுகிற வரைக்கும் நிற்பாள். "இன்னாம்மா நீ, யாரோ மாதிரி" என்று கோபித்துக்கொண்டால், "உள்ள நீங்க எப்படி இருக்கீங்களோ, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்களோ" என்பாள்.

இந்தக் குணம் எல்லா நேரமும் நல்லது என்று சொல்லமாட்டேன். ஒரு வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தொட்டி நிரம்பி, தண்ணீர் மாடி முழுக்க ஓடி, படிக்கட்டு வழியாக இறங்கியிருக்கிறது. அந்த நேரம் தெருவில் போனவள் அதைப் பார்த்திருக்கிறாள். சுவிட்சு எங்கள் கூடத்துக் கதவுக்குப் பக்கத்தில், கையெட்டுகிற இடத்தில். அவள் கேட்டுக்கு வெளியே நின்று "யம்மா, மோட்டாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளே தவிர உள்ளே வரவில்லை. நான் வந்து பார்த்தபோது வடாமெல்லாம் கூழாகிச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அன்று அவளைத் திட்டினேன். "உள்ள வந்து அணைச்சா கொலகுத்தமா?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுநாள் எனக்கு ஒரு டப்பா நிறைய வடாம் கொண்டுவந்து, அதையும் வாசலில் நின்றே கொடுத்தாள்.

திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்கு ஒருமுறை என்னோடு வந்தாள். பிராகாரம் சுற்றி வரும்போது சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்றோம். எல்லாரும் செய்வதுபோல, சிவனுடையது எதையும் எடுத்துப் போகவில்லை என்று உள்ளங்கை இரண்டையும் தடவிக் காட்டினோம். நான் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் கைகளை விரித்தபடி நிற்கிறாள். கண் மூடியிருக்கிறது. கல் மண்டபத்தின் குளிர்ச்சி, எங்கோ புறா குனுகுகிற சத்தம், அந்த விரிந்த கைகள். கனவில் வருகிற காட்சி மாதிரி அது என் மனசில் தங்கிவிட்டது. வெளியே வந்து வேன் ஏறும்போது, "கடையில ஒவ்வொருத்தர் போனையும் திருப்பிக் குடுக்கறப்ப எனக்கு இப்படி கையக் காட்டணும்னு தோணும். பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு விட்டுர்றேன்" என்றாள்.

இனி போனுக்குள் டெவலப்பர் பகுதி என்று ஒன்று இருக்கிறதே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும். போனில் செட்டிங்ஸுக்குள் ஓர் இடத்தில் அதன் பதிப்பு எண் எழுதியிருக்கும். அதை விரலால் திரும்பத் திரும்பத் தட்டினால், மூடிக் கிடந்த ஒரு பகுதி திறக்கும். ஆப் செய்கிறவர்களும் ரிப்பேர் செய்கிறவர்களும் உள்ளே பழுது பார்ப்பதற்காக வைத்த பின்வாசல் அது. அதற்குள் டீபகிங் என்று ஒரு சுவிட்சு. அதைப் போட்டுவிட்டு ஒயரால் கம்ப்யூட்டரில் மாட்டினால், கம்ப்யூட்டர் போனுக்குள் போகலாம், வரலாம், புதிதாக எதையும் ஏற்றலாம், இருப்பதை எடுக்கலாம். போகிறதுக்கு முன்னால் போன் ஒரு கேள்வி கேட்கும், இந்தக் கம்ப்யூட்டரை விடலாமா என்று. அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால், இந்தக் கம்ப்யூட்டரை எப்போதும் விடலாம், இனிமேல் கேட்க வேண்டாம் என்று அர்த்தம்.

அவள் வேலைக்கு அந்தச் சுவிட்சு வேண்டும். செத்துப்போன போனை எழுப்ப அதுதான் வழி என்பாள். ஆனால் அந்தக் கட்டத்தில் அவள் டிக் அடித்து யாரும் பார்த்ததில்லை. தன் சொந்த போனைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டும்போதுகூட. ஒருநாள் என் முன்னாலேயே அது கேள்வி கேட்டது, இவள் சரி என்றாள், கட்டத்தைத் தொடவில்லை. ஒரு டிக் அடித்தால் தினமும் இந்த வேலை மிச்சம்தானே என்று கேட்டேன்.

"நேத்து சரின்னு சொன்னா இன்னிக்கும் சரின்னு ஆயிடுமாம்மா?" என்றாள். பிறகு, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவள் ஊரைப் பற்றி அபூர்வமாகப் பேசினாள். அவர்கள் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கப் பாடு என்று ஒரு முறை இருக்கிறதாம். இன்றைக்கு ஒருவர் வலை போட்ட இடத்தில் நாளைக்கு அவர் போட முடியாது, அது வேறொருவர் முறை. நேற்று கை நிறைய மீன் வந்த இடமாச்சே என்று யாரும் போய் நிற்க மாட்டார்கள். படகு போன பிறகு ஏரித் தண்ணீர் தானாக மூடிக்கொண்டுவிடும், போன தடமே தெரியாது என்றாள். பேசும்போது அவள் கண் எங்கோ இருந்தது. சிப்காட் புகைக்குப் பின்னால், பனிக்காலத்துக் காலையில், தண்ணீரும் வானமும் ஒன்றாகிப் போன ஒரு வெள்ளையை நானும் பார்த்தேன் போலிருந்தது.

என் மகள் அப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்தாள். கம்பெனி பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். அவளுக்கு ஒரு வரன் கூடியது. தூரத்து உறவு, திருவள்ளூர்ப் பக்கம். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அதிர்ந்து பேசாத பையன். சிறுவாபுரி முருகனிடம் வேண்டிக்கொண்டு கிடைத்த வரன் என்று நான் உருகிப்போயிருந்தேன். நிச்சயதார்த்தத் தட்டுகளில் ஒன்றில் புடவை, பூ, வெற்றிலை, பழத்துக்கு நடுவில் ஒரு புது போன் இருந்தது. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் போன் வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பெட்டி மட்டும் ஏற்கெனவே பிரித்திருந்தது. "எல்லாம் ரெடி பண்ணி வச்சிட்டேன் அத்தை, எடுத்த உடனே பேசலாம்" என்றார் மாப்பிள்ளை. அக்கறையான பையன் என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அந்த போனை ஒயரில் மாட்டி, பாட்டெல்லாம் ஏற்றித் தருவார். எனக்குப் பிடித்த முருகன் பாட்டுகளும் அதில் வந்தன.

அந்த போனில் பேங்க் ஆப் மட்டும் திறக்கவில்லை. டெவலப்பர் பகுதி திறந்திருக்கிறது, அதை அணைத்துவிட்டு வா என்று எழுத்து காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மகளுக்கு வார லீவு, இரண்டு பேரும் சிறுவாபுரி போய்விட்டுத் திரும்பும் வழியில் அந்த போன்காரப் பெண்ணின் கடையில் இறங்கினோம். மகள் போனைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவள் வழக்கம் போலக் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். விரல் இரண்டு தடவை நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

"இத நீங்க தொறந்தீங்களா?"

"எனக்கு அப்படின்னா இன்னான்னே தெரியாதுக்கா."

அவள் போனைக் கண்ணாடியின் மேல் வைத்து மகள் பக்கமாகத் திருப்பி, ஒரு விரலால் தள்ளினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அப்போ நா இதுக்கு மேல தொடல. நீங்களே தொடுங்க. எங்க தொடணும்னு சொல்றேன். நீங்க படிங்க, நா பாக்கல."

சொன்னபடி அவள் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேல், சாலையைப் பார்த்துக்கொண்டு, இங்கே தொடுங்க, கீழே இறக்குங்க, ஆப் எல்லாம் வரிசையாகத் தெரியும், நீங்க போடாதது எதாவது இருக்கா பாருங்க என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். மகள் படித்தாள். போனோடு சேர்ந்தது போல ஒரு பெயர். போன் முகப்பில் அதற்கென்று ஒரு படம் கிடையாது. எங்கே போகிறாள் என்று பார்க்க, வருகிற மெசேஜைப் படிக்க, மைக்கைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அதற்கு அனுமதி இருந்தது. மகள் குரல் கடைசி வார்த்தைகளில் இறங்கிவிட்டது.

"இது முழுசா இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "ப்ளே ஸ்டோர்ல இருந்து வந்தது இல்ல, ஒயர் மாட்டி ஏத்தினா மாதிரி தெரிது. சுவிட்ச மட்டும் அணைச்சா போதாது, இதையும் எடுக்கணும். எடுத்தா ஏத்தினவங்களுக்குத் தெரிஞ்சிடும். எடுக்காட்டி அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிக்கினே இருக்கும். இன்னா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்கக்கா" என்றாள் மகள்.

யார் ஏற்றியது என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. என் மடியில் சுவாமி பிரசாதம் இருந்தது, விபூதிப் பொட்டலம் பிரிந்து புடவையெல்லாம் சாம்பல். பஸ்கள் வந்து போயின. எந்தச் சத்தமும் என் காதில் ஏறவில்லை. வயசுப் பெண் ஒருத்தி, பஸ்ஸில் போகும்போது, தோழியோடு சிரிக்கும்போது, என்னோடு சண்டை போடும்போது, எல்லாவற்றையும் ஒருவர் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

விஷயம் மகள் வாயால் அவள் அப்பாவுக்குப் போனது. அவர் கொதித்து, பிறகு பயந்து, பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த மாமன்தான் வரன் கொண்டுவந்தவர். ஜெராக்ஸ் கடை இருந்த கட்டடமும் அவருடையதுதான். அந்த ஞாயிறு முற்பகல் மாப்பிள்ளையும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வரும்போது அந்த போன்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாமனும் மாப்பிள்ளையும் நேராகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். நான் போய், "வாம்மா" என்ற பிறகு உள்ளே வந்தாள், சுவரோரமாக. மாமன் நயமாகத்தான் ஆரம்பித்தார். இந்தக் காலத்துப் போனெல்லாம் ஆயிரம் சுவிட்சோடுதான் வருகிறது, பெண் பிள்ளை பயந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கெஞ்சல் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர், அவரையும் குறை சொல்ல முடியாது.

மாமன் அவள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, கம்பெனில இருந்தே அப்படித்தான் வருதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாரும் சாப்ட்டுட்டு நிம்மதியா போலாம். நீயும் நம்ம கட்டடத்துல இருக்கிற பொண்ணு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கடைசியாகச் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. நான் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்போது பொய் சொன்னால் கல்யாணம் நடக்கும், இவள் கடையும் நிற்கும், என் மகள் மட்டும் அந்த வீட்டுக்குள் போவாள் என்று தோன்றியது.

அவள் என் மகளைப் பார்த்து, "உங்க போனு. நா சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"கம்பெனில இருந்து வர்றப்ப இது மூடித்தான் வரும். யாராவது தட்டித் தொறந்தாத்தான் தொறக்கும். யாரு தொறந்தாங்கன்னு நா பாக்கல. உள்ள இருந்தத நா படிக்கல, அவங்கதான் படிச்சாங்க. இந்த வேலையெல்லாம் என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும், அவரையே கேளுங்க."

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. "நான்தான் மாமா போட்டேன்" என்றார் தன் மாமனைப் பார்த்து. சிப்காட் ரோடு, லாரி போக்குவரத்து, கண்ட ஆட்கள், பஸ் லேட் ஆனால் மனசு அடித்துக்கொள்கிறது, பத்திரத்துக்காகத்தான் வைத்தேன் என்று சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது. என் வீட்டுக்காரர், "பாத்தியா, அக்கறைலதான்" என்று முனகினார்.

மகள் கேட்டாள். "எங்க இருக்கன்னு எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கல?"

"கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லிட்டா?"

அந்த வார்த்தை அவரை அறியாமல் வந்துவிட்டது. வந்த பிறகு அவருக்கே அது கேட்டது. மகள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்ப தூரத்தில் போகிற ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு பூஜை அலமாரியிலிருந்து நிச்சயத் தட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சி, புதுசா இருந்தப்ப இருந்தா மாதிரி ஆக்கிக் குடுங்கக்கா" என்றாள்.

"நைனா சொல்றத கேளும்மா" என்று அவள் அப்பா ஏதோ சொல்ல வந்தார். "வேணாம் நைனா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் தரையில் உட்கார்ந்து மகளிடமிருந்து போனைக் கையில் வாங்கினாள். அப்போதும், அந்த நிலையிலும், மாப்பிள்ளையைப் பார்த்து, "இதுல உங்களுது எதனா இருக்கா, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு மகளிடம், "அழிக்கட்டுமா?" என்றாள். மகள் சரி என்றாள். திரை கறுத்து, கொஞ்ச நேரம் ஒரு சின்ன வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து, எல்லா மொழியிலும் வணக்கம் சொல்லிக்கொண்டு திறந்தது. அதைத் தட்டில் வைத்து, மகளே புதிதாக வெற்றிலை வைத்து, தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மாமன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தார். சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்தது.

அதன் பிறகு அவள் அந்தக் கட்டடத்தில் அதிக நாள் இருக்கவில்லை. இடம் வேறு வேலைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். காலி செய்வதற்கு முன்னால் தன்னிடம் இருந்த போன்களையெல்லாம், ரிப்பேர் ஆனதும் ஆகாததும், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். விளக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் நான் போனேன். அந்த வெள்ளை வட்டம் இல்லாமல் அந்த இடம் சாலையோடு சாலையாகிப் போயிருந்தது. கொஞ்சம் சாதமும் குழம்பும் கொண்டுபோயிருந்தேன்.

ஊரில் அதற்குள் பேச்சு இரண்டாகப் பிரிந்திருந்தது. கூடி வந்த கல்யாணத்தை ஒரு போன்காரி கெடுத்துவிட்டாள் என்று ஒரு பக்கம். எங்கள் பக்கத்து ஆட்கள், அந்தப் பொம்பளை கில்லாடி, பெண்ணுக்குத் தெரியாமல் போனை நோண்டி உள்ளே இருந்ததையெல்லாம் படித்து ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாள் என்று பெருமையாகப் பேசினார்கள். நானும் அன்று நன்றி தாளாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதாம்மா எம்பொண்ணு தப்பிச்சா. ஊரே உன்னப் பத்திதான் பேசுது" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. மாமன் மிரட்டியபோதுகூட அப்படி இல்லை.

"கல்யாணத்தக் கெடுத்தேன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போவட்டும்மா. ஆனா நா நோண்டிப் பாத்தேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நா பாக்கல. அந்தப் பொண்ணு பாத்துது, அந்தப் பொண்ணு படிச்சிது, அந்தப் பொண்ணு முடிவு பண்ணுச்சு. நல்லதுக்குப் பாத்தேன்னு நீங்க சொல்லிட்டா, அப்புறம் எனக்கும் அவருக்கும் இன்னாம்மா வித்தியாசம்? அவரும் நல்லதுக்குன்னுதான சொன்னாரு."

பிறகு அவளாகவே என் கையை விட்டுவிட்டு, பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தாள். ஒரு பஸ் வந்தது, புகைக்குள்ளிருந்து. அதில் ஏறிப் போனாள். ஆர்.கே.பேட்டையில் ஒரு மேஜை போட்டிருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். பொன்னேரியில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். நான் தேடிப் போகவில்லை. சில விடியற்காலைகளில், சுவாமி விளக்கை ஏற்றும்போது, அவள் எங்கோ ஓர் இடத்தில் யாரோ ஒருவரிடம் "தொறக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவசியம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். சுவை கூட்ட அவளை இன்னும் கெட்டிக்காரி ஆக்க வேண்டாம். அவள் துப்பறிந்தாள், ஒளிந்து பார்த்தாள், கண்டுபிடித்தாள் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். ரத்தினச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்ட கேள்விகளை எடுத்துவிடவும் வேண்டாம். போனைக் கண்ணாடி மேல் வைத்து என் மகள் பக்கம் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.